கடகம் மூடிய பலகை

நெல்லியடியிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், மாலை நாலு மணிக்குச் சதுரங்கப் பலகை விரிக்கப்படும். ஓர் ஆட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றிய பேச்சு முடியாது. தோற்றவர், தான் எந்த இடத்தில் வென்றிருக்கக்கூடும் என்று காட்டுவார். வென்றவர், தான் இன்னும் முன்னதாகவே வென்றிருக்கலாம் என்று காட்டுவார். பார்த்துக்கொண்டு நின்றவர்கள், இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று காட்டுவார்கள். காய்கள் முன்னும் பின்னும் போய்வரும். ஆறு மணிக்கு நிலையத்தைப் பூட்டும்போது உண்மையில் நடந்த ஆட்டம் எது என்று ஒருவருக்கும் நினைவிராது.

இந்த வகை ஆட்கள் எனக்குப் பழக்கமானவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் முப்பது வருடம் பிரதி திருத்தினேன். ஞாயிறு பதிப்பின் அரசியல் ஆய்வுகள் என் மேசை வழியாகத்தான் அச்சுக்குப் போகும். பத்து வருடத்தின் பின் இந்து சமுத்திரத்தில் எந்த வல்லரசு எந்தத் துறைமுகத்தைப் பிடிக்கும் என்று அவற்றை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை கடையடைப்பு என்பது தெரியாமல், அன்று காலை மரக்கறி வாங்கப் பையோடு சந்தைக்குப் போய் நிற்பார்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, அதே முகங்கள் சதுரங்க மேசையைச் சுற்றி நிற்பதைக் கண்டேன். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மட்டும் புதிது.

அவர்களுக்குள் பெரியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்ரர். ஏழு நகர்வு முன்னோக்கிப் பார்க்கக்கூடியவர் என்று பெயர். இந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தது என்று விசாரித்தேன். அவரே வைத்தது. காவலில்லாமல் நின்ற ஒரு சிப்பாயை வெட்டுவதற்கு அவர் பதினொரு நிமிடம் எடுத்ததை நான் மணிக்கூடு வைத்துப் பார்த்திருக்கிறேன். கை தாடைக்குப் போகும், கண் பாதி மூடும், சுற்றி நிற்பவர்கள் மூச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சிப்பாய் வெட்டுப்பட்டதும், இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள். பின்னால் ஒன்றும் இருந்ததில்லை. ஆனாலும் ஏழு வருடமாக நிலையத்தின் ஆண்டுவிழாப் போட்டியில் அவர்தான் முதலிடம். அவரை எதிர்த்து ஆடியவர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்பதை நினைத்தே தோற்றார்கள்.

போட்டிக்கு விதிகள் எழுதியவரும் அவரே. இரண்டு நீளக் கடதாசியில் பதினான்கு விதிகள், பிளாஸ்ரிக் உறை போட்டு, கட்டட நிதி தந்தவர்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் தொங்கின. நேரக் கட்டுப்பாடு கிடையாது. யோசனைக்கு நேரம் வைக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதற்குப் பதிலாக ஒத்திவைப்பு என்று ஒன்று இருந்தது. ஆட்டம் முடியாவிட்டால், நகர்த்த வேண்டியவர் தன் அடுத்த நகர்வை ஒரு துண்டில் எழுதி, உறைக்குள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் தொடரும் நாளில் நடுவர் உறையைத் திறந்து அந்த நகர்வைப் பலகையில் வைப்பார். பழைய புத்தகங்களில் பெரிய வீரர்கள் இப்படிச் செய்ததாக மாஸ்ரர் படித்திருக்கிறார். உலகம் கைவிட்ட வழக்கம் எங்கள் ஊரில் இருந்தது. பலகையின் மேல் பனையோலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்து மூடுவார்கள். கோழிக்குஞ்சு மூடுவதும் இந்த மாதிரிக் கடகத்தால்தான்.

ஒன்பதாவது விதி இதுதான்: உறையிலுள்ள நகர்வு பலகையில் வைக்க முடியாததாயின், அதை எழுதியவர் தோற்றவராவார்.

இந்த வருடம் போட்டிக்கு ஒரு பெறுமதி வந்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சதுரங்கம் நல்லது என்று பெற்றோருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் நிலையத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவது என்று நிர்வாகசபை தீர்மானித்தது. யார் நடத்துவது என்று கேள்வி வந்தபோது, போட்டியில் வெல்பவரே நடத்தவேண்டும், தகுதியை வேறு எப்படி அறிவது என்று மாஸ்ரர் எழும்பிச் சொன்னார். கை தட்டினார்கள். ஏழு நகர்வு பார்க்கிறவர், வேறொருவர் வெல்லக்கூடும் என்ற ஒரு நகர்வைப் பார்க்கவில்லை.

வகுப்பு அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மனைவி இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீட்டில் ஓர் அறையைத் தவிர மற்றவை பூட்டியே கிடந்தன. முன்பு அவர் வீட்டு விறாந்தையில் நாற்பது பேர் கணக்குப் படித்தார்கள். நெல்லியடியில் பெரிய திரை வைத்துப் படிப்பிக்கும் இளைஞன் ஒருவன் வந்தபின் அது பத்தாகி, இரண்டாகி, நின்றது. காலை ஒன்பது மணிக்கு நிலையம் திறக்கும்போதே வந்து, மரண அறிவித்தல் வரை பத்திரிகையை வாசிப்பார். அவரை வாத்தியாராக மதித்து 'சேர்' என்று கூப்பிட அப்போது அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். வகுப்புக்கென்று மகன் ஒரு பெரிய காந்தப் பலகை அனுப்பியிருந்தான், சுவரில் மாட்டி எல்லோருக்கும் காட்டுவதற்கு. பொலித்தீன் கழற்றாமல் அது மண்டபத்து மூலையில் சாய்ந்திருந்தது. போட்டி தொடங்குவதற்கு முன்பே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இறுதியாட்டத்துக்கு அவரோடு வந்தவர் ஒரு தாதி. பருத்தித்துறைக் கரையில் பிறந்தவர், கணவரோடு எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிறார். சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் வேலை. தாதிகளை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்போம், அவரையும் அப்படியே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட அணியில் ஆடியிருக்கிறாராம். அரையிறுதியில் நிலையத்தின் தலைவரை இருபது நிமிடத்தில் தோற்கடித்தார். தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பதினாலாவது நகர்வில் தனக்கு வெற்றி இருந்ததென்பதை அவர் பிறகு இரண்டு நாள் ஆராய்ந்து நிரூபித்தார். கரையிலிருந்து வந்த பிள்ளை சும்மா கையை வைக்கிறது, அதிட்டம் என்றார்.

நான் நடுவர். பத்திரிகையில் இருந்தவன் என்பதால் பக்கம் சாயமாட்டேன் என்று நினைத்தார்கள். பத்திரிகையைப் பற்றி அவர்களுக்கிருந்த அறிவும் அவ்வளவுதான்.

இறுதியாட்டம் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கியது. மாஸ்ரருக்கு வெள்ளைக் காய்கள். மிஸ்ஸி நகர்த்திவிட்டு வாசல் வழியே தெருவைப் பார்ப்பார், அவருடைய முறை வரும்போது பலகைக்குத் திரும்புவார். ஐந்து மணிக்கு முறை மாஸ்ரருடையது. முப்பத்தைந்து நிமிடமாக அவர் கை தாடையில் இருந்தது. மிஸ்ஸிக்கு ஏழு மணிக்கு வேலை. நெல்லியடிக்குப் போய்க் கொடிகாமம் பஸ் எடுத்து, அங்கிருந்து ஏ ஒன்பது வீதியில் இன்னொரு பஸ் எடுக்கவேண்டும். இதை அவர் மெதுவாகச் சொன்னார். மாஸ்ரர் முகம் மலர்ந்தது. ஒத்திவைப்பை அவர் அவ்வளவு நேரமும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துண்டை வாங்கி, கையால் மறைத்து, ஒரே மூச்சில் எழுதி, இரண்டு தரம் அடிக்கோடிட்டு உறைக்குள் போட்டார். ஒட்டிய இடத்தில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். உறை மேசை லாச்சிக்குள் போனது, பூட்டிய திறப்பு என்னிடம் வந்தது. கடகம் கவிழ்ந்தது.

அடுத்த கிழமை முழுவதும் ஊர் ஆராய்ந்தது. தலைவர் பலகையைப் படம் எடுத்து ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி மகனுக்கு அனுப்பினார். திங்கட்கிழமை கொம்பியூட்டரின் பதில் வந்தது. வெள்ளை வெல்கிறது. ராணியால் செக் கொடுத்தால் கறுப்பு ராசா மூலைக்குப் போகவேண்டும். அடுத்து, நடுவில் நிற்கும் குதிரையைக் கொண்டுபோய் வெட்டக் கொடுக்கவேண்டும். குதிரை போனால் அதன் பின்னால் நிற்கும் கோட்டைக்கு வழி திறக்கும். மூன்றாவது நகர்வில் கோட்டை நேரே ஓடி எதிரியின் கடைசி வரிசையில், ஈ எட்டு என்ற கட்டத்தில், போய் இருக்கும். அத்தோடு கறுப்பின் கதை முடிந்தது.

இதற்குப் பிறகு ஆராய ஒன்றும் இல்லை என்று நினைக்கலாம். இரண்டு கட்சி உண்டாயிற்று. மாஸ்ரரும் கொம்பியூட்டரும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. கொம்பியூட்டர் காணாததையும் மாஸ்ரர் கண்டிருப்பார் என்பது மற்றது. ஒவ்வொரு மாலையும் கடகத்தைத் தூக்கி, குதிரையைக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்து, கோட்டையை ஓடவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து மூடினார்கள். என்ன எழுதினீர்கள் என்று மாஸ்ரரைக் கேட்டால் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையையும் ஆராய்ந்தார்கள்.

புதன்கிழமை மிஸ்ஸியைப் பஸ் நிறுத்தத்தில் கண்டேன். கையில் ஒரு பிடி வல்லாரையும் குடையும்.

"நான் தோத்தாச்சு ஐயா. ராணியாலை செக் வைச்சால் சரி. சேர் அதைத்தான் எழுதியிருப்பர்."

எப்போது கண்டார் என்று கேட்டேன். உறைக்குள் துண்டைப் போடும்போதே என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார். ஊர் ஒரு கிழமையும் ரொறொன்ரோ ஓர் இரவும் எடுத்த வேலையை அவர் செருப்பை மாட்டும் நேரத்தில் முடித்திருந்தார். அதை ஆராய்ச்சி என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் இருக்க இடமில்லை. வகுப்புக்குப் பெயர் பதிய வந்த பெற்றோர் பின்வரிசை வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். "முன்னோக்கிச் சிந்திக்கப் பழகுவோம்" என்ற அறிவித்தலைத் தலைவர் ஏற்கெனவே கதவில் ஒட்டிவிட்டார். கடகத்தைத் தூக்கினேன். லாச்சியைத் திறந்து, உறையின் கையெழுத்துகளை இருவருக்கும் காட்டி, கிழித்தேன். துண்டில் மாஸ்ரரின் அழகான எழுத்தில் இப்படி இருந்தது: கோட்டை, ஈ எட்டு. கீழே இரண்டு கோடு. பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

உரத்து வாசித்தேன். சிலர் தலையாட்டினார்கள். வாசித்தபடியே நடுவரின் கடமையைச் செய்யக் கோட்டையில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றது.

"சேர், குதிரை நிக்குது" என்றார் மிஸ்ஸி.

குதிரை நின்றது. கோட்டைக்கும் ஈ எட்டுக்கும் நடுவில், மாஸ்ரரின் சொந்த வெள்ளைக் குதிரை, ஒரு கிழமையாக எல்லோரும் தூக்கித் தூக்கி வைத்த அதே கட்டத்தில் நின்றது. கோட்டை தன் காயைத் தாண்டிப் போகாது என்பது சதுரங்கத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. மாஸ்ரர் கணக்கில் பிழைவிடவில்லை. மூன்று நகர்வும் சரியாகக் கண்டிருந்தார். முப்பத்தைந்து நிமிடம் மூன்றாவது நகர்விலேயே குடியிருந்து, அடுத்த நகர்வை எழுதச் சொன்னபோது தான் இருந்த இடத்தின் முகவரியை எழுதிவிட்டார். அவருடைய மனத்தில் அந்தக் குதிரை அப்போதே செத்துப்போயிருந்தது.

நான் சுவரிலிருந்த ஒன்பதாவது விதியை வாசித்தேன். அத்தோடு முடிந்திருக்கவேண்டும். படித்தவர்கள் இருக்கும் இடத்தில் எதுவும் அத்தோடு முடிவதில்லை.

தலைவர்தான் தொடங்கினார். மாஸ்ரர் எழுதியது பிழையான நகர்வு அல்ல, சரியான நகர்வு, கொம்பியூட்டரும் அதைத்தான் சொன்னது, இடம்தான் கொஞ்சம் முந்திவிட்டது என்றார். வேறொருவர், மூன்று நகர்வை ஒன்றாகச் சுருக்கி எழுதினால் முதல் இரண்டும் அதற்குள் அடக்கம் என்றார். இன்னொருவர் இதைக் கணிதத்தில் இடைப்படிகளை விட்டு விடை எழுதுவதோடு ஒப்பிட்டார். விடை சரியென்றால் புள்ளி கொடுப்பதில்லையா என்று கேட்டார். பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு தாய், இவ்வளவு தூரம் பார்க்கிறவர் என்றால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மிஸ்ஸி இருக்கையை விட்டு எழும்பவில்லை.

"அப்ப என்ரை ரண்டு நகர்வையும் ஆர் வைக்கிறது?"

"பிள்ளை, உம்மடை ரண்டும் கட்டாய நகர்வு" என்றார் தலைவர். "நீர் வைச்சாலும் ஒண்டுதான், வைக்காட்டிலும் ஒண்டுதான்."

"அப்ப நான் வராமலே விட்டிருக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார், தன்னைப் பற்றி அல்ல என்ற நம்பிக்கையில்.

விதி எழுதியவர் மாஸ்ரர், அவரிடமே கேட்போம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தாடையில் இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. குதிரையைக் கண்டுவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோட்டையிலிருந்து குதிரைக்கும் குதிரையிலிருந்து மூலையில் இருந்த காந்தப் பலகைக்கும் அவருடைய கண் போய்வந்தது. தோற்றுவிட்டேன் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அவருக்கு வகுப்பு போயிருக்கும், ஆனால் அவரை ஒருவேளை நான் மதித்தும் இருப்பேன்.

"கமிற்றி பாத்துச் செய்யட்டும்" என்றார்.

மிஸ்ஸி கைப்பையை எடுத்தார். அன்றும் அவருக்கு வேலை. என்னிடம் குனிந்து, "ஐயா, நான் பஸ்ஸுக்குப் போறன். நீங்கள் எழுதிறதை எழுதுங்கோ" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளியின் சொந்தக்காரர் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதைக் கேட்டுப் பழகியவரின் குரல் அது.

போட்டிக் கொப்பியில் "கறுப்பு வெற்றி, விதி ஒன்பது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நிர்வாகசபை பக்கத்து அறையில் கூடியது. முக்கால் மணித்தியாலத்தின் பின் தலைவர் வந்து கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். பிறகு பார்த்தபோது என் வரிக்குக் கீழே, நகர்வின் உட்பொருளைக் கருத்திற்கொண்டு வெள்ளைக்கு வெற்றி வழங்கப்படுகிறது என்று தபாலதிபரின் சாய்ந்த எழுத்தில் இருந்தது. உட்பொருள் என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறேன். இதை வெட்டவில்லை. எழும்பிப் போகவும் இல்லை. மாலைப் பத்திரிகை வந்திருந்தது, எடுத்து வாசித்தேன். இந்தப் படித்தவர்களின் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆண்டுவிழாவில் மாஸ்ரருக்குக் கேடயம் கொடுத்தார்கள். இரண்டாம் இடத்துக்கான சான்றிதழை வாங்க ஆள் இல்லை, அது லாச்சிக்குள் கிடக்கிறது. உறைக்கதை ஊரைச் சுற்றியது, ஆனால் திருத்திய பதிப்பாக. மூன்று நகர்வுக்குப் பிந்தியதை முன்கூட்டியே எழுதி உறையில் போட்டவர் என்று சொன்னார்கள். வகுப்புக்கு இருபத்தைந்து பேரை எதிர்பார்த்தார்கள், நாற்பது பேர் சேர்ந்தார்கள். அவர் வீட்டு விறாந்தையில் முன்பு இருந்த அதே தொகை.

முதல் வகுப்பன்று நான் யன்னலோரம் பத்திரிகையோடு இருந்தேன். மாஸ்ரர் வெள்ளைச் சேட் போட்டு, திருநீறு பூசி வந்திருந்தார். நாற்பது பிள்ளைகளும் எழும்பி, "வணக்கம் சேர்" என்று இழுத்தார்கள். அவர் கை கூப்பி, வரிசை வரிசையாக எல்லோரையும் பார்த்தார். காந்தப் பலகை பொலித்தீன் கழன்று சுவரில் தொங்கியது. அதில் காய்களை ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினார். கறுப்பு ராசா, அதன் முன்னால் சிப்பாய்கள், வெள்ளை ராணி, வெள்ளைக் கோட்டை. இரண்டு மூன்று காய் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ராசா ஏற்கெனவே மூலையில் இருந்தது. இறுதியாட்டத்தின் அதே நிலை, இரண்டு நகர்வு தள்ளி. நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. வெள்ளைக் குதிரை மேசையில், காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், கவிழ்ந்து கிடந்தது.

தெருவில் குடையோடு மிஸ்ஸி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். மண்டபத்துப் பக்கம் ஒருதரம் பார்த்தார், நடையை நிறுத்தவில்லை.

மாஸ்ரர் தடியால் பலகையைத் தட்டினார். இது ஒரு பெரிய போட்டியில் வந்த கடினமான நிலை, ஆழமாகப் பார்க்கிறவருக்குத்தான் விடை தெரியும் என்றார். வெள்ளை எதை நகர்த்தவேண்டும் என்று கேட்டார்.

கோட்டைக்கு முன்னால் பாதை விறாந்தைபோலத் திறந்து கிடந்தது. வேறு காயைப் பார்க்கவும் தேவையில்லை. நாற்பது பேரும் ஒரே குரலில், "கோட்டை சேர்" என்றார்கள்.

அவர் தடியை இறக்கினார். முகத்தில் அதிருப்தி.

"உப்பிடிக் கெதியாச் சொல்லக்கூடாது" என்றார். "யோசிச்சுச் சொல்லுங்கோ."

பிள்ளைகள் தாடையில் கையை வைத்தார்கள்.